ஆப்பில் 'ஓனர் சேல்' என்று வரும் பழைய போன்கள் உண்மையில் எங்கிருந்து வருகின்றன?

பூரணி (மடிப்பாக்கம்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். மகள் கோவையில் கல்லூரி சேரப் போகிறாள். ஐஃபோன் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். புதிது வாங்கித் தர இப்போது வசதியில்லை. சரி, பழையது பார்க்கலாம் என்று, பழைய பொருளை ஒருவருக்கொருவர் விற்றுக்கொள்ளும் ஒரு ஆப்பில் ஐஃபோன் 13, 128 ஜிபி என்று தேடினேன்.

வேளச்சேரி, மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கத்திலேயே ஏகப்பட்டது வருகிறது. எல்லோரும் 'ஓனர் சேல், சிங்கிள் யூஸ், அர்ஜென்ட்' என்றுதான் போடுகிறார்கள். ஆனால் படங்களை உற்றுப் பார்த்தால் ஒன்று உறுத்துகிறது. வேறு வேறு பெயரில், வேறு வேறு ஏரியாவில் இருந்து வந்த மூன்று விளம்பரங்களில் போனுக்குக் கீழே ஒரே பச்சை ரப்பர் விரிப்பு. விரிப்பின் ஓரத்தில் சூடு பட்டு உருகின மாதிரி ஒரு கறுப்புத் தடம், அதுவும் மூன்றிலும் ஒரே இடத்தில். மூன்று பேர் வீட்டிலும் ஒரே விரிப்பு எப்படி இருக்கும்?

அவர்களில் ஒரு பையனிடம் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். 27 ஆயிரம் சொன்னார். பில் இருக்கிறதா என்றால் இல்லையாம். பாக்ஸ் தருகிறாராம். பாக்ஸில் உள்ள எண்ணும் போனில் உள்ள எண்ணும் ஒத்துப்போகுமா என்று கேட்டேன். "பாக்ஸ் வேற மேடம், போன் வேற. மார்க்கெட்ல எல்லாமே அப்படித்தான்" என்றார்.

இவை திருட்டு போன்களா? இந்தப் பையன்கள் யார்? ஒரு சாதாரண மனிதர் தன் போனை விற்கிறார் என்று நினைத்துத்தானே அந்த ஆப்புக்கே போகிறோம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வாங்கலாமா, வேண்டாமா என்பதைவிட, இது எப்படி என் கைக்கு வருகிறது என்று புரிந்தால் நானே முடிவெடுத்துக்கொள்வேன்.

குரோம்பேட்டை வாசி:

பில் இல்லை என்றாலே திருட்டுதான் மேடம். பேசாமல் கடையில் புதிதாக ஒரு ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுங்கள்.

லாட்டு மணி:

பூரணி அம்மா, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். சிந்தாதிரிப்பேட்டையில், ரிச்சி ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு மாடியில், லாட்டில் (மொத்தக் கட்டாக) வரும் போன்களைப் பிரித்து கிரேடு போடுவது, அதாவது நிலையைப் பார்த்துத் தரம் பிரிப்பது, என் வேலை. முன்பு மீரான் சாகிப் தெருவில் ஒரு கடையில் கவுண்டரில் நின்றேன். உங்கள் கேள்வியை யாராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று ரொம்ப நாளாகக் காத்திருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், பில் இல்லாததெல்லாம் திருட்டு இல்லை. நீங்கள் பார்த்த போன்களில் பெரும்பாலானவை யாரோ ஒருவர் தன் விருப்பத்தோடு கொடுத்தவைதான். ஆனால் கொடுத்தவர் அந்தப் பையனிடம் கொடுக்கவில்லை. இடையில் நான்கைந்து கை இருக்கிறது.

தீபாவளி சமயம் ஆன்லைனில் புது போன் வாங்கும்போது 'பழையதை எக்ஸ்சேஞ்ச் செய்யுங்கள்' என்று வரும் இல்லையா, பெரும்பாலும் அங்கேதான் இது ஆரம்பிக்கிறது. டெலிவரி செய்யும் தம்பி வாசலிலேயே நின்று பழைய போனை வாங்கி, ஸ்டார் ஹேஷ் போட்டு (*#06#) வரும், ஒவ்வொரு போனுக்கும் தனியான 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணைச் சரிபார்ப்பார். திரை உடைந்திருக்கிறதா, போன் ஆன் ஆகிறதா, பழைய அக்கவுண்ட் நீக்கியாச்சா என்று பார்ப்பார். ஒரு கவரில் போட்டு ஒட்டிக்கொண்டு போய்விடுவார். பொதுவாக அந்த இடத்தில் யாரும் பழைய பில்லைக் கேட்பதில்லை, கொடுப்பவரும் தருவதில்லை. இதைக் கொஞ்சம் கவனியுங்கள். போனுக்கும் அதன் காகிதத்துக்கும் உள்ள தொடர்பு அந்த வாசற்படியிலேயே அறுந்துபோகிறது. அதற்கப்புறம் அது எத்தனை நேர்மையான கை வழியாக வந்தாலும் பில் இல்லாத போன்தான்.

அங்கே காட்டும் எக்ஸ்சேஞ்ச் விலையை வைத்துச் சந்தை விலையைக் கணக்குப் போடாதீர்கள். அதில் பெரும்பாலும் புது போனை விற்கும் பிராண்டு தன் பங்குக்குச் சேர்க்கும் போனஸும் இருக்கும். பழைய போனின் நிஜ மதிப்பு அதைவிடக் குறைவு.

இப்படிச் சேர்ந்த போன்கள் மொத்தமாக ஒரு கிடங்குக்குப் போய், பெரிய மொத்த வியாபாரிகளுக்கு ஏலத்தில் போகும். ஒன்று ஒன்றாகப் பொறுக்கி எடுக்க முடியாது. ஒரு எக்செல் ஷீட் வரும். மாடல், ஜிபி, கலர், கிரேடு, அவ்வளவுதான் அதில் இருக்கும். எடுத்தால் முழு லாட்டையும் எடுக்க வேண்டும். நல்லது பாதி, சுமாரானது கொஞ்சம், டெட் கொஞ்சம் என்று கலந்துதான் வரும். டெல்லி கரோல் பாகில் உள்ள கஃபார் மார்க்கெட் இதற்குப் பெரிய இடம். பெங்களூர் எஸ்.பி. ரோடு, மும்பை லாமிங்டன் ரோடு, நம் ரிச்சி ஸ்ட்ரீட் எல்லாம் அடுத்த கட்டம். ஒரு லாட்டை ஒருவர் எடுத்து, உடைத்து, ஐஃபோனை ஒருவருக்கு, சாம்சங்கை இன்னொருவருக்கு, டெட் போன்களை மூன்றாமவருக்கு என்று பிரித்து விற்பார். இதெல்லாம் வாட்ஸாப் குரூப்பிலேயே முடிந்துவிடும்.

எக்ஸ்சேஞ்ச் தவிர வேறு வழிகளும் உண்டு. ஷோரூமில் காட்சிக்கு வைத்த டெமோ போன்கள். வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பியவை. கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கியவை. அப்புறம் வெளிநாட்டுச் சரக்கு. இந்தியாவுக்குப் பழைய போனை வியாபாரத்துக்காக இறக்குமதி செய்வது சுலபமில்லை. 2016-ல் ஆப்பிள் நிறுவனமே பழைய ஐஃபோன்களைக் கொண்டுவந்து இங்கே விற்க அனுமதி கேட்டு, மத்திய அரசு மறுத்துவிட்டது. ஆனாலும் துபாய், ஹாங்காங் வழியாகப் பெட்டிகளில் வரத்தான் செய்கிறது. பர்மா பஜார் பக்கம் போனால் தெரியும்.

வெளிநாட்டுச் சரக்கா என்று நீங்களே பார்க்கலாம். ஐஃபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் போய் மாடல் எண்ணைப் பாருங்கள். கடைசியில் சாய்கோட்டுக்கு (/) முன்னால் எச்என் என்று இருந்தால் இந்தியாவுக்காக வந்தது. எல்எல் என்றால் அமெரிக்கா. ஜே என்றால் ஜப்பான். முதல் எழுத்தும் பேசும். எம் என்றால் கடையில் புதிதாக விற்றது, எஃப் என்றால் ஆப்பிளே புதுப்பித்து விற்றது, என் (N) என்றால் பழுதான போனுக்கு மாற்றாகக் கொடுத்தது. மகள் பின்னாளில் 14 அல்லது அதற்கு மேல் மாற்ற நினைத்தால், அமெரிக்க மாடலில் சிம் போடும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான்.

இனி உங்கள் பச்சை விரிப்பு. அது சர்வீஸ் மேசையில் போடும் விரிப்பு. உருகின தடம் சூடுகாற்றுத் துப்பாக்கியோ சாலிடரிங் அயனோ பட்ட இடம். அந்த மூன்று போனும் ஒரே மேசையில் இருந்தவை. பையன்கள் மூன்று பேர், கடை ஒன்று. அவர்களிடம் சரக்கு இருக்காது. கடைக்காரர் படம் எடுத்து குரூப்பில் போடுவார், இவர்கள் அவரவர் பெயரில், அவரவர் ஏரியாவில் விளம்பரம் போடுவார்கள். ஆள் வந்தால் கடையில் போனை வாங்கிப் போய்க் காட்டி விற்று, கடைக்கு உரியதைக் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்வார்கள். ஒரு போனுக்குச் சில நூறு நிற்கும், நல்ல நாளில் ஆயிரம். கல்லூரி படிக்கும் பையன், டெலிவரி ஓட்டும் பையன், வேலை போன ஆள் என்று எல்லோரும் இதில் இருக்கிறார்கள்.

'ஓனர் சேல்' என்று ஏன் போடுகிறார்கள் என்றால், வாங்குபவர்கள் கேட்பது அதைத்தான். டீலர் என்று போட்டால் யாரும் கூப்பிடுவதில்லை. கடைக்காரர் ஏமாற்றுவார், வீட்டுக்காரர் ஏமாற்ற மாட்டார் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் இந்தச் சங்கிலியின் கடைசி வளையம் ஓடுகிறது. அந்தப் பொய்யை நான் நியாயப்படுத்தவில்லை. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. ஏனென்றால் நாளைக்கு அந்த போன் லாக் ஆனால் உங்கள் சண்டை அந்தப் பையனோடுதான். லாட் எடுத்தவர், ஏலம் விட்டவர், வாசலில் வாங்கியவர் யாரையும் உங்களுக்குத் தெரியாது. லாபம் மேலே போகிறது, பொறுப்பு கீழே இருப்பவன் தலையில் விழுகிறது.

பாக்ஸ் விஷயத்தில் பையன் சொன்னது உண்மை. காலி பாக்ஸ் தனி வியாபாரம். எண் ஒத்துப்போகாத பாக்ஸுக்கு நீங்கள் ஒரு ரூபாய்கூட அதிகம் தராதீர்கள்.

திருட்டா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது, அதைக் கட்டாயம் செய்யுங்கள். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று தட்டி, ஒரு இடம் விட்டு, ஐஎம்ஈஐ எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் பார்க்கலாம். 2023 மே மாதத்திலிருந்து அந்தத் தளம் நாடு முழுக்க உண்டு. போனைப் பறிகொடுத்தவர் புகார் கொடுத்து முடக்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும். இரண்டு சிம் போன் என்றால் எண்ணும் இரண்டு, இரண்டையும் பாருங்கள். எண்ணைப் பாக்ஸிலிருந்து எடுக்காமல் போனில் ஸ்டார் ஹேஷ் போட்டு எடுங்கள்.

சாலிடர் அண்ணாச்சி:

மணி தம்பி சொன்ன அந்தப் பச்சை விரிப்பு மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான் (தம்பியின் மேசை இல்லை, வேறு கடை). லாட்டில் வந்த போனும் நீங்கள் கையில் வாங்கும் போனும் ஒன்றல்ல. இடையில் எங்கள் கை படுகிறது. என்னென்ன நடக்கும் என்று சொல்கிறேன், பயப்படுத்த இல்லை.

மேல் கண்ணாடி மட்டும் உடைந்து, உள்ளே படம் நன்றாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு டிஸ்ப்ளே காம்போ (கண்ணாடியும் படம் காட்டும் பேனலும் சேர்ந்தது) மாற்றினால் செலவு அதிகம். அதனால் கண்ணாடியை மட்டும் பிரிப்போம். சூடான தட்டில் திரையை வைத்து, தலைமுடி கனத்தில் ஒரு கம்பியைக் கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவில் விட்டு, இழுத்து இழுத்துப் பிரிக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் பேனலில் கோடு விழுந்துவிடும். பழைய பசையை உருட்டி உருட்டி எடுத்து, ஓசிஏ என்கிற ஒட்டும் தாளைப் போட்டு, புதுக் கண்ணாடியை மெஷினில் அழுத்தி, உள்ளே நிற்கும் காற்றுக் குமிழைத் தனி மெஷினில் எடுப்போம். ஒழுங்காகச் செய்தால் அது ஒரிஜினல் திரைதான், பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கம்பெனியில் ஒட்டிய அந்த நீர்காப்பு போய்விடும். அப்படிப்பட்ட போனை மழையில் நனைக்கக் கூடாது. இதை எங்கள் கடையில் போனை எடுப்பவரிடம் நான் சொல்லிவிடுவேன். உங்களிடம் வரும்போது யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிலர் ஓஎல்இடி திரைக்குப் பதில் மலிவான இன்செல் (எல்சிடி வகை) திரை போட்டுவிடுவார்கள். முழுக் கறுப்புப் படம் ஒன்றை வைத்து இருட்டில் பாருங்கள். ஓஎல்இடியில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மற்றதில் சாம்பல் வெளிச்சம் கசியும்.

பேட்டரி ஹெல்த் 100 என்று காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். 13 வந்தது 2021-ல். 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கினால் 80 சதவீதத்துக்கு வரும் என்ற கணக்கில் செய்த பேட்டரி அது. இத்தனை வருஷம் கழித்தும் 100 காட்டுகிறது என்றால் பெரும்பாலும் பேட்டரியோ அதன் உள் செல்லோ மாறியிருக்கிறது. பழைய பேட்டரியின் சின்ன போர்டை வெட்டி எடுத்து, புது செல்லில் வெல்டு வைத்து, எண்ணை மெஷினில் திருத்திவிடுவது எல்லாத் தெருவிலும் நடக்கிறது. 82, 84 என்று உண்மையாகக் காட்டும் போனை எடுத்து, நீங்களே நல்ல பேட்டரி போட்டுக்கொள்வது மேல்.

செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட்டில் 'பார்ட்ஸ் அண்ட் சர்வீஸ் ஹிஸ்டரி' என்று ஒன்று வந்தால், எது மாறியிருக்கிறது என்று அங்கே தெரியும். 'அன்நோன் பார்ட்' என்று இருந்தால் விலையைக் குறையுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் ஒன்றுமே மாறவில்லை என்று நம்பிவிடவும் கூடாது, மேலே சொன்ன பேட்டரி வேலை அதற்காகத்தான் செய்வது. ஃபேஸ் ஐடி வேலை செய்கிறதா என்று உங்கள் முகத்தை வைத்தே பதிந்து பாருங்கள். சிம் தட்டை எடுத்து, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சின்ன வெள்ளைப் புள்ளி சிவப்பாகியிருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. கீழே சார்ஜ் போடும் இடத்துக்கு இரண்டு பக்கமும் உள்ள திருகின் தலை தேய்ந்திருந்தால் திறந்திருக்கிறார்கள்.

திறந்த போன் கெட்ட போன் இல்லையம்மா. யார் திறந்தார், என்ன செய்தார் என்று சொல்ல ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அம்பத்தூர் அக்கா:

மணி தம்பி 'கடைசி வளையம்' என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் அந்தக் கடைசி வளையம். பெண்கள் இதைச் செய்வது குறைவு, ஆனால் இருக்கிறோம். கணவருக்கு வேலை நின்றுபோன சமயத்தில் தம்பி முறை வேண்டும் ஒருவர் மூலம் ஆரம்பித்தேன். வீட்டிலிருந்தே செய்கிறேன், பெரும்பாலும் ஆண்ட்ராய்டு, 6 ஆயிரத்திலிருந்து 12 ஆயிரத்துக்குள்.

நான் விளம்பரத்தில் ஓனர் என்று போடுவதில்லை. 'கடையில் எடுத்து விற்பது, ஒரு வாரத்துக்குள் பழுது வந்தால் பார்த்துத் தருகிறேன்' என்று போடுகிறேன். கூப்பிடுபவர்கள் குறைவுதான். ஆனால் வாங்கியவர்கள் அவர்கள் அக்கா, மச்சான் என்று ஆள் அனுப்புகிறார்கள்.

எனக்குப் பிரச்சனை வந்தது இஎம்ஐ லாக்கில். கடையில் எடுத்த ஒரு போன், நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வாங்கிப் போனவர் ஒரு மாதம் கழித்துக் கூப்பிடுகிறார், திரை முழுக்க 'தவணை பாக்கி' என்று வந்து போன் முடங்கிவிட்டதாம். முதல் ஆள் தவணையில் வாங்கி, கட்டாமலேயே போனைத் தள்ளிவிட்டிருக்கிறார். ஐஎம்ஈஐ சோதனையில் அது வரவில்லை, திருட்டு இல்லையே. நான் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடைக்காரர் எனக்குத் திருப்பித் தரவில்லை. "லாட்டுல வந்தது, நான் எங்க போவேன்" என்றார். அவரையும் குறை சொல்ல முடியவில்லை.

அதனால் பூரணி அக்கா, ஆண்ட்ராய்டு பார்ப்பதாக இருந்தால், செட்டிங்ஸில் 'டிவைஸ் அட்மின் ஆப்ஸ்' என்று தேடி உள்ளே போய்ப் பாருங்கள். ஏதாவது கடன் கம்பெனி ஆப் இருந்தால் தொடாதீர்கள். அப்புறம் உங்கள் கண் முன்னாலேயே ஒரு தடவை முழுசா ரீசெட் பண்ணச் சொல்லுங்கள். ரீசெட்டுக்குப் பிறகு பழைய ஆளின் ஜிமெயிலோ ஆப்பிள் ஐடியோ கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். "அப்புறம் எடுத்துத் தரேன்" என்பதை நம்பவே வேண்டாம்.

பூரணி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. இவ்வளவு விவரம் வரும் என்று நினைக்கவில்லை. அம்பத்தூர் அக்கா, நீங்கள் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது பெரிய விஷயம்.

இன்னும் இரண்டு சந்தேகம். ஒன்று, அந்தப் பையனிடம் எனக்கு ஏதாவது எழுத்தில் வாங்க முடியுமா? கடைக்காரர் பில் போட்டால் ஜிஎஸ்டி சேர்ந்து விலை ஏறிவிடும் என்கிறார். இரண்டாவது, என் கணவரின் பழைய சாம்சங் ஒன்று வீட்டில் இருக்கிறது. அதை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாம் என்று இருந்தோம். மணி அண்ணன் சொன்னதைப் படித்தபின் யோசனையாக இருக்கிறது.

வரிக்கணக்கு வள்ளி:

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், சில பழைய பொருள் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன்.

விலை 18 சதவீதம் ஏறிவிடும் என்பது சரியில்லை. பழைய பொருள் வியாபாரிக்கு மார்ஜின் ஸ்கீம் என்று ஒன்று உண்டு, ஜிஎஸ்டி விதி 32(5). வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் வரி. வாங்கியதில் உள்வரி (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) எடுத்திருக்கக் கூடாது, பொருளின் தன்மையே மாறும் அளவுக்கு வேலை செய்திருக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. கடைக்காரர் 25,000-க்கு எடுத்து, ஆயிரம் ரூபாய் லாபம் வைத்து விற்கிறார் என்றால், அந்த ஆயிரத்துக்கு 18 சதவீதம், அதாவது 180 ரூபாய். 27 ஆயிரம் கொடுப்பவருக்கு 180 ரூபாய் ஒரு சுமையே இல்லை. நஷ்டத்துக்கு விற்றால் வரியே இல்லை.

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர் வருஷத்துக்கு 40 லட்சம் தாண்டாவிட்டால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே வேண்டாம். அவரும் சாதாரண ரசீது கொடுக்கலாம். ஆக, பில் கேட்டால் விலை ஏறும் என்பதைக் காரணமாக ஏற்காதீர்கள். பல கடைகளில் பில் போடத் தயங்குவது வரிக்காக இல்லை. வாங்கினதற்கு அவர்களிடம் காகிதம் இல்லை, அதனால் விற்றதற்கும் போட முடியவில்லை. மணி சார் சொன்ன அந்த வாசற்படி விஷயம்தான் கணக்கு நோட்டு வரைக்கும் வருகிறது.

இன்னொன்று. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தும் வாங்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 317-ன் கீழ் குற்றம். தெரியாமல் வாங்கியவருக்குத் தண்டனை இல்லை என்றாலும் போன் கையை விட்டுப் போகும். நீங்கள் தெரியாமல்தான் வாங்கினீர்கள் என்று காட்ட ஒரு ரசீது, யுபிஐயில் பணம் போன பதிவு, 14422 பதிலின் ஸ்கிரீன்ஷாட், இந்த மூன்றும் இருந்தால் பேச ஒரு பிடி இருக்கும். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்.

லாட்டு மணி:

வள்ளி மேடம் சரியான இடத்தில் கை வைத்தார்கள். நான் அதையேதான் மேலே உள்ளவர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். எக்செல் ஷீட்டில் மாடல், கலர் எல்லாம் எழுதி அனுப்புகிறவர்களுக்கு, போன் எந்தத் தேதியில் எக்ஸ்சேஞ்சில் வந்தது, எந்தப் புது போனுக்கு மாற்றாக வந்தது என்று இன்னும் ஒரு பத்தி சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? அது அவர்கள் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. அது கீழே வந்தால் இந்த நஷ்டத்தை யாரிடம் கேட்பது என்று அம்பத்தூர் அக்காவுக்காவது தெரிந்திருக்கும், பூரணி அம்மாவிடம் பையன் பொய் சொல்ல வேண்டியிருக்காது. 2025-ல் வந்த திருத்த விதிகளில், பழைய போன் வாங்கி விற்பவர் ஐஎம்ஈஐயை அரசுப் பட்டியலில் சரிபார்த்த பிறகே விற்க வேண்டும் என்று வந்துவிட்டது. ஐஎம்ஈஐயை மாற்றினால் மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்லதுதான். ஆனால் தவணை பாக்கி, தண்ணீர் போனது, கண்ணாடி மாற்றியது எல்லாம் அந்தப் பட்டியலில் வராது. அதற்குக் காகிதம் போனோடு நடக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் சாம்சங் நல்ல நிலையில் இருந்தால் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். தெரிந்தவருக்கு நேராக விற்றுவிடுங்கள், பில்லோடு. போனஸை விட்டுப் பார்த்தால் எக்ஸ்சேஞ்சைவிடக் கூடுதலாகவே கிடைக்கலாம். டயலரில் ஸ்டார் ஹேஷ் ஜீரோ ஸ்டார் ஹேஷ் (*#0*#) போட்டால் சாம்சங்கில் ஒரு சோதனைப் பலகை வரும். சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொன்றாக அழுத்தித் திரையைப் பாருங்கள். நிழல் மாதிரி பழைய கீபோர்டு தெரிந்தால் திரையில் தழும்பு விழுந்திருக்கிறது. அதை வாங்குபவரிடம் நீங்களே காட்டிவிடுங்கள். டச், ஸ்பீக்கர், சென்சார் எல்லாம் அதிலேயே பார்க்கலாம்.

கொடுப்பதற்கு முன் செட்டிங்ஸில் கூகிள் அக்கவுண்ட், சாம்சங் அக்கவுண்ட் இரண்டையும் கையால் நீக்குங்கள், அப்புறம் ரீசெட். ரீசெட் மட்டும் போட்டு அக்கவுண்டை விட்டுவிட்டால் போன் லாக் ஆகி நிற்கலாம். லாட்டில் அப்படி வரும் நல்ல நல்ல போன்கள், ஒரு கீறல்கூட இல்லாதவை, வெறும் உதிரி பாகமாக உடைக்கப்படுவதைத் தினம் பார்க்கிறேன். திரை ஒரு பக்கம், கேமரா ஒரு பக்கம், போர்டு டெல்லிக்கு. அங்கே சீலம்பூர் மாதிரி இடங்களில் போர்டை உடைத்துத் தங்கமும் செம்பும் எடுப்பவர்கள் அமிலத்தோடும் புகையோடும் வேலை செய்கிறார்கள். இன்னும் சில வருஷம் யாருக்காவது உழைத்திருக்க வேண்டிய போன் அது.

ஐஃபோனுக்கு, முடிந்தால் அக்டோபர், நவம்பர் வரை மகளைப் பொறுக்கச் சொல்லுங்கள். செப்டம்பரில் புது மாடல் வந்து, பண்டிகை விற்பனையில் எக்ஸ்சேஞ்ச் குவிந்து, லாட் வரிசையாக வரும். அப்போது பழைய மாடல் விலை இறங்கும். அவசரம் என்றால் அந்தப் பையனிடமே, "தம்பி, நீ ஓனர் இல்லேன்னு தெரியும், பரவாயில்ல, கடைக்கே கூட்டிட்டுப் போ" என்று சொல்லிப் பாருங்கள். கூட்டிப் போனால் கடைக்காரரிடம் கடை பெயர் போட்ட ரசீது கேளுங்கள், ஐஎம்ஈஐயும், எதெல்லாம் மாற்றியிருக்கிறது என்பதும் எழுதி, ஒரு மாதம் செக்கிங் வாரன்டியோடு (அதற்குள் பழுது வந்தால் கடை பொறுப்பு). பையனுக்குரிய சில நூறை அவனுக்கு விட்டுவிடுங்கள். கூட்டிப் போக மறுத்தால் அந்த போன் வேண்டாம்.

பூரணி:

பையனிடம் பேசினேன் அண்ணா. முதலில் தடுமாறினார், பிறகு "சரி மேடம், சனிக்கிழமை பதினோரு மணிக்கு வாங்க, ஓனர் அண்ணன் இருப்பாரு" என்று கடை இருக்கும் இடத்தை அனுப்பியிருக்கிறார். சாலிடர் அண்ணாச்சி, கறுப்புப் படம் பார்க்கும் சோதனையைக் கடை வெளிச்சத்தில் எப்படிச் செய்வது?

சாலிடர் அண்ணாச்சி:

துப்பட்டாவைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு பாருங்கம்மா. எங்கள் கடையில் எல்லோரும் மேசைக்கு அடியில் வைத்துப் பார்ப்போம்.